கைபேசியையும் பறிக்க வேண்டாம், காணி உறுதியையும் அடகு வைக்க வேண்டாம்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாள். அடுத்த வருடம் பரீட்சை. எந்நேரமும் கைபேசியும் கையுமாக இருக்கிறாள், வரைந்ததையெல்லாம் இன்ஸ்டகிராமில் போடுகிறாள். கனடாவில் இருக்கும் பெரிய மாமாவோ, “சித்திரம் சோறு போடாது, கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணினிப் பட்டத்துக்குச் சேருங்கள், முதல் தவணையை நான் அனுப்புகிறேன்” என்கிறாராம். மீதித் தவணைகளுக்குக் காணி உறுதியை வங்கியில் வைக்கலாமா, பரீட்சை முடியும்வரை கைபேசியை வாங்கி வைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் இரண்டுக்கும் என் பதில் ‘கூடாது’ என்பதுதான். முதல் தவணையைத் தருகிறேன் என்பவர் கடைசித் தவணையைப் பற்றி வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா? கணினிப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. விரும்பிப் படிக்கிறவர்கள் நன்றாகவே வருகிறார்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் மகள் அதை விரும்புகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. விருப்பமில்லாத படிப்புக்குக் குடியிருக்கும் வீட்டை ஈடு வைப்பதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

ஆசிரியர் நியமனம், வங்கி வேலை பற்றியெல்லாம் உறவினர்களே போதிய அளவு சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன். மட்டக்களப்பு கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புல, தொழில்நுட்பக் கலையைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். அரச பல்கலைக்கழகம், கற்கைக் கட்டணம் கிடையாது. ஆனால் உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அங்கே கையும் கண்ணும்தான் பேசும். அந்தப் பழக்கத்துக்கு, நீங்கள் பறிக்க நினைக்கும் கைபேசி உதவும்.

எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் ஊரில் மான்கள் தெருவில் நடமாடுகின்றன; ஃபிரெட்றிக் கோட்டை வாசலில் நின்றால் போதும். வேறு ஊர்ச் சித்திர மாணவர்களுக்கு இது வாய்க்காது. மகள் ஒரு மானை நேரில் பார்த்து வரையட்டும். முதல் முயற்சியில் பின்னங்கால் பெரும்பாலும் பிழையாகத்தான் வரும். முழங்கால் பின்பக்கமாக மடிகிறது என்று நினைத்துக்கொண்டு வரைவோம். அங்கே மடிவது உண்மையில் குதிகால், முழங்கால் மேலே வயிற்றோடு ஒட்டி இருக்கிறது. யூடியூபில் விலங்கு உடற்கூறு பற்றிய பாடம் ஒன்றைப் பார்த்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் அதே காலைத் திரும்ப வரையட்டும். பிழையான படத்தையும் திருத்திய படத்தையும் ஒரே பதிவில் அடுத்தடுத்துப் போடட்டும். “எப்படி இருக்கிறது?” என்று எழுதினால் இதயக் குறிகள்தான் வரும். “குதிகால் சரியான உயரத்தில் இருக்கிறதா?” என்று எழுதினால், தெரிந்தவர் யாராவது நின்று பதில் சொல்வார்.

படம் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத விறாந்தையில், கொப்பியைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், வர்ணத்தை மாற்றிக்காட்டும் ஃபில்டரும் வேண்டாம். ஒவ்வொரு படத்தின் கீழும் திகதி, பாவித்த பென்சில் அல்லது வர்ணம், வரைய எடுத்த நேரம். வேறொருவர் ஓவியத்தைப் பார்த்து வரைந்திருந்தால் மூல ஓவியரின் பெயர் கட்டாயம். ஒரு வருடம் இப்படிச் செய்தால் அந்தப் பக்கமே அவளுடைய வேலைக் கோவையாகிவிடும்.

யாரைப் பின்தொடர்வது? ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் ஓவியங்களைத் தூரிகைத் தடம் தெரியுமளவு பெரிதாக இலவசமாகத் தருகிறது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகமும் 2017 முதல், பதிப்புரிமை காலாவதியான படைப்புகளை அப்படித் திறந்துவிட்டிருக்கிறது. நம் நாட்டில் 1943இல் கொழும்பில் தொடங்கிய ‘43 குழு’ என்ற ஓவியர் குழுவின் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் ஆகியோரின் படங்களைத் தேடிப் பார்க்கட்டும். இவை எல்லாவற்றையும்விட, கல்லடியில் இப்போது படிக்கும் மாணவர்களின் பக்கங்கள் முக்கியம். மரியாதையாக, ஒரே ஒரு கேள்வியோடு செய்தி அனுப்பட்டும்: “அக்கா, உளச்சார்புப் பரீட்சைக்கு நீங்கள் எதை அதிகம் பயிற்சி செய்தீர்கள்?” எந்தத் தனியார் வகுப்பிலும் இதற்கு இவ்வளவு நேரான பதில் கிடைக்காது.

இனி உங்கள் பக்கம். பாடசாலைப் பெயர், வீட்டு முகவரி, இந்த நிமிடம் நிற்கும் இடம் எதுவும் பதிவில் வரக் கூடாது. “உன் படத்தைப் பெரிய விலைக்கு வாங்குகிறேன், முதலில் சிறு கட்டணம் அனுப்பு” என்று வரும் செய்தி மோசடி. ஓவியர்களைக் குறிவைத்தே இதைச் செய்கிறார்கள். பதில் போடாமல் தடுத்துவிடச் சொல்லுங்கள். வரைபலகை, விலை உயர்ந்த டப்ளெட் எதுவும் இப்போது வாங்காதீர்கள். ஐபிஸ் பெயிண்ட் என்ற செயலி கைபேசியில் இலவசமாகவே ஓடும். இரவு எத்தனை மணிக்குக் கைபேசியை வைக்க வேண்டும் என்பதை அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். கடவுச்சொல்லைக் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். கேட்டால் உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு கணக்குத் திறப்பாள், அவ்வளவுதான்.

மாமாவுக்கு உண்மையிலேயே உதவ மனமிருந்தால் நல்ல நீர்வர்ணத் தாளும் இரண்டு தூரிகையும் அனுப்பட்டும். பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை மகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். உளச்சார்புப் பரீட்சைக்குப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கோரும், அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். அதுவரை வங்கிப் பக்கம் போக வேண்டாம்.