புல்லும் அல்லி இலையும் அடர்ந்த இடத்தில் பாஸ் மீனுக்கு ரப்பர் தவளையை முள்ளில் எப்படிக் கோர்ப்பது?

கேள்வி இதுதான்: புல் மண்டிய ஏரியில் லார்ஜ்மவுத் பாஸுக்கு ரப்பர் தவளை போடுகிறீர்கள். வீச்சுக்கு வீச்சு புல்லை அள்ளிக்கொண்டு வருகிறது. முள்ளை உடம்புக்குள் நன்றாகப் புதைத்தால் புல் சிக்குவது நிற்கிறது, ஆனால் மீன் அடித்தும் மாட்டுவதில்லை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது.

இதே சிக்கலில் நான் இரண்டு வருஷம் நின்றிருக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸ் பக்கம். பெரும்பாலும் போவது கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் ஏரிக்கு. 1980-ல் அணை கட்டி உருவாக்கிய ஏரி, பரப்பு சுமார் 27,000 ஏக்கர். 1992-ல் டெக்சாஸ் மாநிலச் சாதனை படைத்த 18.18 பவுண்டு பாஸ் இங்கே பிடிபட்டதுதான். அதன் ஒதுங்கிய வளைவுகளில் ஹைட்ரில்லா என்னும் நீர்ப்புல், அல்லி, தண்ணீரில் மூழ்கிய மொட்டை மரங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

ஊரில் வாய்க்கால் ஓரம் விராலுக்கு உயிர்த்தவளை கோர்த்துப் பழகிய கை என்னுடையது. விரால் தவளையைக் கவ்விக்கொண்டு போகும், நாம் தூண்டில் நரம்பை விட்டுப் பிடிக்கலாம். பாஸ் அப்படி இல்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்துத் தவளையை உறிஞ்சும், தப்பாகப் பட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். அது வாயை மூடும் அந்த நொடியில் ரப்பர் நசுங்கி, முள்முனை வெளியே வந்தாக வேண்டும். கோர்ப்பதில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதலில் தவளையைப் பற்றி. உள்ளே காற்று நிறைந்த, இரட்டை முள்ளோடு வரும் தவளை மிதக்கும். அதில் கோர்க்கும் வேலையே இல்லை. முழுக்கத் திடமான சாஃப்ட் பிளாஸ்டிக் தவளை வேறு. இழுக்கும்வரை காலை உதைத்துக்கொண்டு மேலே வரும், நிறுத்தினால் மூழ்கும். தண்ணீர் தெரியாத அளவுக்குப் பாசி மூடிய இடத்துக்கு மிதக்கும் தவளைதான் நல்லது. அல்லி இலைகளுக்கு இடையில் சந்து இருந்தால், அல்லது புல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றால், அங்கே திடத் தவளைதான் ராஜா.

நாலு அங்குலத் தவளைக்கு நான் போடுவது 5/0 அளவு (முன் எண் கூடக்கூட முள் பெரிது), கம்பி தடித்த, எக்ஸ்ட்ரா வைட் கேப் முள். அதன் கழுத்தில் ஒரு மடிப்பு இருக்கும், வளைவும் அகலமாக இருக்கும். அகலம் ஏன் முக்கியம் என்றால், தவளையின் வயிறு பருத்தது. ஒடுக்கமான முள்ளில் ரப்பரே இடத்தை அடைத்துக்கொள்ளும், மீனின் தாடைக்கு இடம் மிஞ்சாது. என் முதல் வருஷத் தோல்வியில் பாதி இந்த ஒன்றினால்தான்: மெலிந்த ரப்பர் புழுவுக்கு வாங்கிய 3/0 முள்ளையே தவளைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன்.

கோர்ப்பதை மேசையில் வைத்து, அவசரமில்லாமல் செய்யுங்கள். மூக்கின் சரியான நடுவில் முள்முனையைக் குத்தி, கால் அங்குலம் உள்ளே விட்டு, வயிற்றுப் பக்கம் வெளியே எடுங்கள். முள்ளின் கண் (நரம்பு கட்டும் ஓட்டை) மூக்குக்குள் போய், கழுத்து மடிப்பு ரப்பரில் உட்காரும்வரை இழுங்கள். இப்போது முனை தவளையைப் பார்க்கும்படி முள்ளைத் திருப்புங்கள். உடனே குத்திவிடக் கூடாது. முள்ளைத் தவளையின் பக்கவாட்டில் வைத்து, வளைவு எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். அங்கே வயிற்றில் குத்தி, நேர் மேலாக முதுகில் முனையை வெளியே எடுக்க வேண்டும். கீறலுக்குப் பின்னால் குத்தினால் உடம்பு கூன் போடும். முன்னால், மூக்குப் பக்கமாகக் குத்தினால் ரப்பர் இழுபட்டு, நாலாவது வீச்சில் மூக்கு கிழியும். நடுவிலிருந்து ஒரு நூல் விலகினாலும் தவளை தண்ணீரில் பம்பரமாய்ச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும்.

முனை முதுகுக்கு மேலே வந்ததும் அதை மறுபடி ரப்பருக்குள் தள்ளிப் புதைப்பதுதான் பலரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலான தவளைகளின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். முள் அதில் படுத்துக்கிடக்கட்டும், முனையின் நுனி மட்டும் தோல் கனத்துக்கு உள்ளே போகட்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போதும். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தவளையின் வயிற்றிலும் முதுகிலும் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள், விரல் முனையில் குத்திக்கொள்ளாமல். லேசான அழுத்தத்திலேயே முனை தோலை விட்டு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். பலமாக அழுத்தினால்தான் வருகிறது என்றால் மீனுக்கும் வராது, கழற்றி மறுபடி கோருங்கள். கரையில் இதைச் சோதிக்காமல் நான் இப்போது ஒரு வீச்சும் வீசுவதில்லை.

மீன் இரண்டு மூன்று முறை அடித்தால் தவளையின் மூக்கு முள்ளின் கழுத்திலிருந்து வழுக்கி இறங்கிவிடும், அதற்கப்புறம் புல்தான் சிக்கும். கழுத்து மடிப்பில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டுவிட்டு மூக்கை ஏற்றினால் அரை நாள் தாங்கும். கண்ணருகே ஸ்பிரிங் திருகு வைத்த முள்ளும் கிடைக்கிறது. மூக்கை அதில் திருகி ஏற்றினால் போதும், எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. வளைவில் எடை வார்த்த முள் தூரம் போகும், தவளை கவிழாமல் வரும், ஆனால் நிறுத்தினால் கல்லாக இறங்கும். அடர்ந்த அல்லியில் எடையில்லாததே மேல். இரட்டை முள் போட்டால் மீன் கூடுதலாக மாட்டும் என்பது உண்மைதான். அல்லிக்கு அது சரி, நூல் நூலாகத் தொங்கும் ஹைட்ரில்லாவில் அது சீப்பு மாதிரி வாரிக்கொண்டு வரும்.

கால்களையும் பாருங்கள். சில தவளைகளில் இரண்டு காலும் அச்சில் வார்த்தபடி மெல்லிய சவ்வால் ஒட்டியிருக்கும், பிரித்துவிட வேண்டும். பாக்கெட்டில் மடங்கிக் கிடந்து கோணிய காலை வெந்நீரில் சற்று முக்கி, நேராக நீட்டி ஆறவிட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். கால் நேராக இல்லாத தவளை நேராக நீந்தாது.

நரம்பு 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), முடிச்சு பாலோமார், ராடு (தூண்டில் கோல்) ஏழடிக்குக் குறையாமல், வளையாத ஹெவி ரகம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், மாட்டிய மீனோடு இரண்டு கிலோ புல்லும் சேர்ந்து வரும்.

தண்ணீர் கொப்பளித்ததும் வெட்டி இழுத்துவிடுவதுதான், அதாவது முள் ஏற ராடைச் சட்டென்று சுண்டி இழுப்பதுதான், எல்லோருக்கும் வரும் பழக்கம். ராடைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகே வெட்டுங்கள். வெட்டியதும் அதன் தலையை மேலே தூக்கியே வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும், தலை கீழே போனால் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும்.

மீன் அடித்தும் மாட்டாமல் போனால் உடனே சுற்றி எடுத்துவிடாதீர்கள். போன ஜூனில் ஒரு காலை, அல்லி இலை இரண்டு பிளந்து தண்ணீர் வெடித்தது, கனம் இல்லை. தவளையை அடுத்த சந்துவரை இழுத்து அப்படியே விட்டேன். அது மூழ்கியது, மூன்று எண்ணுவதற்குள் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. அப்போது வெட்டினேன். 21 அங்குலம். லேக் ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி, அளந்து தண்ணீரில் விட்டேன். முள் மேலுதட்டின் நட்டநடுவில் ஏறியிருந்தது.