டைம்ஷீட்டில் எட்டு

அன்புள்ள அண்ணா,

சோழிங்கநல்லூரில் ஆறு வருடமாக சப்போர்ட் புராஜெக்டில் இருக்கிறேன். காலை பத்தரைக்கு லாகின். நியூஜெர்சி கிளையன்ட்டோடு கால் முடிய ராத்திரி பதினொன்று. புத்தகத்தைப் பிரித்தாலே தூக்கம் வருகிறது. வேலையில் இருந்துகொண்டே நீங்கள் எப்படி வாசித்தீர்கள்? ஏஐ வந்து இந்த வேலையும் போய்விடும் என்கிறார்கள். இதில் வாசிப்புக்கு அர்த்தம் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

ஏஐ பற்றி உங்கள் கேன்டீனில் பேசுவதைவிட அதிகமாக எனக்கு ஒன்றும் தெரியாது, விடுங்கள். வாசிப்புக்கு அர்த்தம் உண்டா என்று உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவருக்கு அந்தப் பதிலும் தேவையில்லை.

உங்கள் கணக்கில்தான் நான் நின்றுவிட்டேன். பத்தரை முதல் பதினொன்று வரை பன்னிரண்டரை மணி நேரம். சரி, போன வெள்ளிக்கிழமை டைம்ஷீட்டில், அந்த வாரம் தினம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தீர்கள் என்று நிரப்பும் கட்டங்களில், எவ்வளவு போட்டீர்கள்? 8. ஐந்து கட்டத்திலும் 8. சத்தியம் பண்ணுவேன், ஏனென்றால் 11 வருடம் நானும் அதையேதான் போட்டேன்.

ஒரே ஒரு தடவை தவிர. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததில் எங்கள் ஆறரை மணி கிளையன்ட் கால் ஏழரைக்குப் போனது. (அவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம், நமக்கு ஆறின சோறு.) அந்த எரிச்சலில் 12 என்று நிரப்பினேன். பத்து நிமிடத்தில் மேனேஜர் என் சீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷன். "கிளையன்ட்டுக்கு எட்டு மணி நேரத்துக்குத்தான்பா பில்லிங், மாத்திடு" என்றார். மாற்றினேன். அடுத்த வருடத் திட்டம் போட்டபோது அந்த எட்டுகளைக் கூட்டிப் பார்த்து, வேலைதான் நேரத்துக்குள் முடிகிறதே என்று ஐந்து பேரில் ஒருவரைக் குறைத்தார்கள். அதற்கான அத்தாட்சியை வாராவாரம் எழுதிக் கொடுத்தது நாங்கள்தான், வேலை போனவனும் சேர்த்து.

அப்பா கோவையில் மில் தொழிலாளி. சங்கு ஊதிய பிறகு கால் மணி நின்றாலும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் கேட்டைத் தாண்டமாட்டார். ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டைச் சம்பளம், 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது என்று எம்.சி.ஏ. படித்த எனக்குச் சொன்னவர், எட்டாவதோடு நின்ற அவர். "உங்க ஆபீஸ்ல ஓ.டி. எப்படி கண்ணு?" என்று ஒருமுறை கேட்டார். "அதெல்லாம் இல்லீங்கப்பா, நாங்க ஆபீசர் மாதிரி" என்றேன்.

"எந்த ஆபீசர் கண்ணு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மில்லுல இருக்கான்?"

கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. எப்படி வாசித்தேன் என்றா கேட்டீர்கள்? கம்பெனி பஸ்ஸில், மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது. அவ்வளவுதான் ரகசியம். அப்புறம், வருகிற வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை என்று போட்டுப் பாருங்கள். உங்கள் சீட்டுக்கு யார் வருகிறார், என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.