நிலத்தில் 24 பாகை, ஏரியில் 5: மே மாதப் படகுப் பயணத்துக்கு எந்த எதிர்வுகூறலைக் கேட்பது?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னும் மூன்று வாரங்களில் வரும் விக்டோரியா தின விடுமுறையின் சனிக்கிழமை, மைத்துனர் குடும்பத்தோடு ஒன்ராறியோ ஏரியில் மீன்பிடிப்பதற்காக, ப்ளஃபர்ஸ் பார்க் பக்கமாக ஒரு சிறிய இயந்திரப் படகைத் தரகர் ஒருவர் மூலம் பேசியிருக்கிறார். அன்று காலை அவருடைய பெற்றோர் ஒட்டாவாவிலிருந்து ரொறன்ரோ தீவிலுள்ள பில்லி பிஷப் விமான நிலையத்துக்கு வந்து இறங்கி, அப்படியே படகிலும் ஏறுவதாக ஏற்பாடு. இந்த வசந்தம் வழமையைவிட வெப்பமாக இருக்கும் என்று பருவகால எதிர்வுகூறலில் படித்திருக்கிறார். தரகரும் தன் கைபேசியைக் காட்டி, அன்றைக்கு 24 பாகை, நல்ல வெயில் என்று சொல்லி, திருப்பித் தரப்படாத முற்பணத்தை உடனே கேட்கிறார். நம்பிக் கட்டலாமா என்பது கேள்வி.

கட்ட வேண்டாம். படகுப் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு வானிலையில் எந்த ஆதாரமும் இல்லை என்கிறேன். பருவகால எதிர்வுகூறல் சொல்வது, மூன்று மாதங்களின் சராசரி வெப்பநிலை வழமையைவிடக் கூடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை மட்டுமே. அந்த மூன்று மாதங்களுக்குள் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மூன்று வாரத்துக்கு அப்பாலுள்ள நாளுக்குப் பாகையும் வெயில் படமும் போட்டுக் காட்டும் செயலிகள் அந்தப் பருவத்தின் சராசரியையோ, கணினி மாதிரி ஒன்றின் சோதிக்கப்படாத வெளியீட்டையோதான் காட்டுகின்றன. தரகர்கள் அந்தப் படத்தைக் காட்டியே முற்பணம் வாங்குகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. சிலர் இதற்கெனக் கட்டணச் செயலியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏரிக்கான எதிர்வுகூறலைக் கனடாவின் சுற்றுச்சூழல் திணைக்களம் உங்கள் வரிப்பணத்தில் தயாரித்து இலவசமாகவே தருகிறது.

அந்த 24 பாகை மெய்யாகவே வந்தாலும், அது நிலத்துக்குரிய எண். ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், மிக ஆழமான இடம் 244 மீற்றர். இத்தனை நீர் சூடேற மாதங்கள் ஆகும். மே நடுப்பகுதியில் கரையைவிட்டுச் சற்றுப் போனால் நீர் பெரும்பாலும் 4 முதல் 8 பாகைக்குள்தான் இருக்கும். நிலம் எவ்வளவு சூடாகிறதோ, ஏரிக்கும் அதற்குமான வேறுபாடு அவ்வளவு கூடும். முற்பகலில் குளிர்ந்த ஏரிக்காற்று கரைக்கு ஏறும். பருத்தித்துறையில் பகலில் கரையேறும் கடற்காற்றும் இதே விதியால்தான் பிறக்கிறது, ஆனால் அங்கே அது உடம்புக்கு இதம். இங்கே உள்நிலத்திலுள்ள மார்க்கம் நகரில் 24 பாகை இருக்கும்போது படகுத்துறையில் பத்துப் பாகைக்குச் சற்று மேலே நின்று நடுங்குவீர்கள். ஈரமான சூடான காற்று அந்தக் குளிர்ந்த நீரின்மேல் நகர்ந்தால் அடர்ந்த பனிமூட்டம் உருவாகும். வெப்பமான வசந்தம் என்ற செய்தியில் இதுவும் அடங்கியிருப்பதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை.

எனவே நீங்கள் பார்க்க வேண்டியது மேற்கு ஒன்ராறியோ ஏரி என்ற பகுதிக்கான கடல்சார் எதிர்வுகூறல்; அதையும் முதல்நாள் மாலையிலும் அன்று காலையிலும் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் எதிர்வுகூறல் அமைப்பின் மீது எனக்குள்ள கோபத்தையும் சொல்லியாக வேண்டும். நிலத்துக்கான அறிக்கை காற்றை மணிக்குக் கிலோமீற்றரில் சொல்கிறது, ஏரிக்கானது கடலோடிகளின் வேக அலகான நொட்டில் சொல்கிறது, விமான நிலையத்துக்கானது நொட்டோடு நிற்காமல் உலகப் பொது நேரத்திலும் பேசுகிறது. 1400 என்று அதில் கண்டால் நம் மே மாதக் கடிகாரத்தில் அது காலை பத்து மணி என்பதைச் சாதாரணக் குடும்பம் எப்படி அறியும்? குளிர்காலத்துக்கு முன் ஏரியிலிருந்து எடுக்கப்படும் அளவீட்டு மிதவைகள் வசந்தத்தில்தான் ஒவ்வொன்றாகத் திரும்பி இறக்கப்படுகின்றன. நீர் மிகக் குளிராகவும் மக்கள் மிக ஆவலாகவும் இருக்கும் அதே வாரங்களில், நடு ஏரியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லும் கருவிகள் குறைவாக இருப்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

ஒரு நொட் என்பது மணிக்கு 1.85 கிலோமீற்றர். காற்று 20 நொட்டை, அதாவது 37 கிலோமீற்றரை எட்டும் என்றால் பலத்த காற்று எச்சரிக்கை விடப்படும். அந்த எச்சரிக்கை இருந்தால் உங்களுக்குப் பயணம் இல்லை. எச்சரிக்கை இல்லாவிட்டாலும், 15 நொட் என்றிருந்தால் சிறிய படகில் முதியவர்களை ஏற்றாதீர்கள். அலை ஒரு மீற்றர் என்று எழுதியிருந்தால், அது பெரிய மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே ஏறத்தாழ அதன் இருமடங்கு அலையும் வரும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள். கரையில் நின்று பார்த்து ஏரி அமைதியாக இருந்தால் போகலாம் என்ற வழமையான அறிவுரை, வடக்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ காற்று வீசும் நாளில் ஸ்காபரோக் கரைக்குப் பொருந்தாது. உங்கள் படகுத்துறைக்குப் பின்னால் நிற்கும் மண்மேடு சில இடங்களில் 90 மீற்றர் உயரமானது. கரையும் அந்த மேடும் வடக்கில் இருக்க, ஏரி தெற்கே விரிகிறது. வாடை வீசும் நாளில் மேடு காற்றை மறைப்பதால், காலடியில் நீர் கண்ணாடிபோலக் கிடக்கும். தரகரும் அதைத்தான் கைகாட்டுவார். படகு தெற்கே ஓடும்போது காற்று முதுகில் தள்ளுவதால் பயணம் சுகமாகவும் இருக்கும். இரண்டு மூன்று கிலோமீற்றர் போனபின் மேட்டின் மறைவு தீர்ந்துவிடும்; காற்று ஓடிவர இடம் கிடைக்கக் கிடைக்க அலையும் வளரும்; திரும்பும்போதுதான் அந்த அலையை நேர்முகமாக ஏற வேண்டியிருப்பது தெரியும். இயந்திரம் நின்றுவிட்டால் காற்று உங்களைக் கரைக்குச் சேர்க்காது, நடு ஏரிக்கே இழுத்துக்கொண்டு போகும். எதிர்க்கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. தெற்கிலிருந்து வீசும் காற்றில் கரையிலேயே அலை அடித்து உங்களைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்பிவிடும். வாடை அப்படி எச்சரிப்பதில்லை. ஆகவே அறிக்கையில் வடக்கு அல்லது வடமேற்கு என்றும் 10 நொட்டுக்கு மேல் என்றும் கண்டால், கரையின் அமைதியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

2022 மே 21 இதே விடுமுறையின் சனிக்கிழமைதான். முற்பகலில் விண்ட்சர் பக்கமாகத் தொடங்கிய இடிமின்னல் புயல் வரிசை மாலைக்குள் ஒட்டாவாவையும் கடந்தது. ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் காற்று மணிக்கு 120 கிலோமீற்றரைத் தொட்டது. பத்துப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் ஒட்டாவா ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்த பெண். அன்று கைபேசிகளுக்கு எச்சரிக்கை போனது, ஆனால் நீரில் நடுவில் நிற்பவருக்கு அந்த எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் இடையில் கரைக்கு வர நேரம் போதாது. வானொலியும் கைபேசியும் ஒலிக்கும் நிலையில் இருக்கட்டும், மேற்கு வானம் கறுத்தால் உடனே திரும்புங்கள்.

தரகர்களைப் பற்றி இன்னும் ஒன்று. இயந்திரப் படகை ஓட்டுபவரிடம் தகைமை அட்டை இருக்க வேண்டும். வாடகைப் படகுக்கு, படகுக்காரர் விளக்கிச் சொல்லி இருவரும் கையொப்பமிடும் பாதுகாப்புப் பட்டியலும் அந்த வாடகைக் காலத்துக்கு ஏற்கப்படுகிறது. வாகனத் தரிப்பிடத்தில் வைத்து, படகைக் கண்ணால் காட்டாமலே அந்தத் தாளில் கையொப்பம் வாங்குகிறவரிடம் ஏறாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது சட்டம். பெட்டிக்குள் கிடக்கும் அங்கி இந்தக் குளிரில் உதவாது, கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். குளிர் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை எளிதாகச் சொல்லிக்கொடுத்தார்: குளிர்நீரில் விழுந்தால் மூச்சு இரைப்பு அடங்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம் மட்டும், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின் அங்கியை மாட்ட விரல் இணங்காது.

பெற்றோரின் விமானத்துக்கு வருகிறேன். தீவு விமான நிலையம் ஏரியை ஒட்டியே இருப்பதால், உள்நிலத்திலுள்ள பியர்சன் தெளிவாக இருக்கும் காலையிலும் அங்கே பனிமூட்டம் ஓடுபாதையை மூடிவிடலாம். விமான நிலைய எதிர்வுகூறல் நிலையத்தைச் சுற்றி 5 கடல் மைலுக்கு மட்டும் உரியது; அதில் தெளிவு என்று கண்டு உங்கள் படகுத்துறைக்கும் அதுவே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அந்தக் காலை விமானத்தையும் படகையும் ஒரே நாளில் கோக்க வேண்டாம். அம்மாவையும் அப்பாவையும் வெள்ளிக்கிழமையே வரச் சொல்லுங்கள், விமானம் பியர்சனுக்குத் திருப்பப்பட்டால் அங்கிருந்து யார் கூட்டிவருவது என்பதை முன்கூட்டியே பேசிவையுங்கள், மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.