கென்னடி கட்சி என்று நினைத்து வராதீர்கள், தம்பி

கிரீன் கார்டு கிடைத்து டெட்ராய்ட் பக்கம் வரப்போகிறீர்கள். பங்குக் கோவிலில் எல்லோரும் ஜனநாயகக் கட்சிதானா, குளிருக்கு என்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் உடுப்பை இங்கே வாங்கிக்கொள்ளலாம். நான் அடிபட்டது கோவிலில்தான், அதைச் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் தாத்தா வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கென்னடி படம் இருக்கும். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க அதிபர், ஜனநாயகக் கட்சிக்காரர். கத்தோலிக்கர் என்றால் அந்தக் கட்சி என்று நம்பித்தான் 1998இல் டெட்ராய்ட்டை அடுத்த மெக்கோம் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வந்தேன். பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது ஒரு போலந்துக்காரப் பெரியவரிடம் அதையே சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு மாதம் பேசவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கார் தொழிலாளிகள் நிறைந்த இந்த கவுண்டி 1960இல் கென்னடிக்கு 63 சதவீதம் கொடுத்தது. 1984இல் இங்கே மூன்றில் இரண்டு பங்கு குடியரசுக் கட்சியின் ரேகனுக்கு. கருக்கலைப்பு, வரி, மூடிய தொழிற்சாலை, கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க அவர்களை வேறு பகுதிப் பள்ளிக்கு பஸ்ஸில் அனுப்பும் உத்தரவு என்று கோபம் சேர்ந்துகொண்டே வந்தது. 2004இல் ஜனநாயகக் கட்சியின் கெர்ரி கத்தோலிக்கர், குடியரசுக் கட்சியின் புஷ் மெத்தடிஸ்ட் சபைக்காரர். கத்தோலிக்க வாக்கில் முந்தியவர் புஷ். 2020இல் கத்தோலிக்கரான பைடனே நின்றும் வெள்ளைக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் டிரம்ப் பக்கம், லத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் பைடன் பக்கம். அதுவும் நிலைக்கவில்லை. ஏறக்குறைய முழுக்க மெக்சிகோ வம்சாவளியினர் வாழும் டெக்சஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டி, 1892க்குப் பிறகு முதல் தடவையாக 2024இல் குடியரசுக் கட்சிக்குப் போட்டது. 1975இல் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஓடிவந்த வியட்நாம் கத்தோலிக்கக் குடும்பங்களின் கணக்கே வேறு.

நம்மவர்கள் சிலர் நாலு பூசை பார்த்துவிட்டு "இங்கே கத்தோலிக்கர் எல்லாம் இப்படித்தான்" என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதுகிறார்கள். அதை நம்பாதீர்கள். முதல் வருடம் காதைக் கொடுங்கள், வாயைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யலாமா என்று கேட்கக்கூடும். நீங்கள் இன்னும் குடிமகன் அல்ல, தலையாட்டிவிடாதீர்கள். குடியுரிமை இருப்பதாகச் சொல்லும் படிவத்தில் தெரியாமல் கையெழுத்துப் போட்டால்கூட நாடு கடத்தும் வரை போகும். எனக்கும் அந்தப் படிவத்தை நீட்டினார்கள். பின்னால் வரிசையில் நின்ற அதே பெரியவர்தான் "உனக்கு இன்னும் நாள் இருக்கிறது" என்று தடுத்தார்.

2004இல் என் முதல் ஓட்டுக்கு அவர் காரில்தான் போனேன். யாருக்குப் போட்டாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விபூதிப் புதனுக்கு முந்தின நாள், பனியை மிதித்துக்கொண்டு, ஒரு டப்பா நிறைய பூன்ச்கியோடு கதவைத் தட்டுவார். உள்ளே பிளம் ஜாம் வைத்த, எண்ணெயில் பொரித்த உருண்டை. அவர் காலமான பிறகு அந்த நாளில் நானே டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஊருக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வருகிறேன்.