டிராக்‌ஷன் கன்ட்ரோல்: எப்போது ஆஃப் செய்யலாம்? – வாசகர் கேள்வி-பதில்

காரின் பின்புறப் படம், அதற்குக் கீழே நெளிந்த இரண்டு கோடுகள். இந்தப் பட்டனை எப்போது அமுக்கலாம், எப்போது தொடவே கூடாது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: கடற்கரை மணலில் காரை இறக்கினேன். முன்சக்கரங்கள் லேசாகச் சுழன்றதும் இன்ஜின் அப்படியே அடங்கிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தும் வேகம் ஏறவில்லை, வண்டி புதைந்துவிட்டது. இன்ஜினில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும்) பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. இன்ஜின் இழுக்கும் சக்கரம் மற்ற சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றினால், அது வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். உடனே இன்ஜினின் இழுவிசையைக் குறைக்கும். சுழலும் சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் போடும். இதுதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல். தார் ரோட்டில் இது மிகச் சரியான வேலை. அங்கே டயருக்கு நல்ல பிடிமானம் கிடைப்பது கொஞ்சமே வழுக்கும்போதுதான். சுழற்சி அதிகமானால் பிடி விட்டுப்போகும்.

மணலில் கணக்கே வேறு. ஒவ்வொரு டயரும் தனக்கு முன்னால் ஒரு மணல் மேட்டைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. அதற்குத் தொடர்ச்சியான இழுவிசையும் வண்டியின் ஓட்டமும் வேண்டும். சேற்றிலும் ஆழமான பனியிலும், டயர் கொஞ்சம் சுழன்றால்தான் அதன் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே அடைத்ததை உதறிவிட்டு அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். அந்த நேரத்தில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விசையை வெட்டினால் ஓட்டம் நின்றுவிடும். ஓட்டம் நின்ற இடத்தில் வண்டி இறங்கிவிடும். ஆகவே மணலுக்குள் இறங்கும் முன்பே ஆஃப் செய்துவிடுங்கள். புதைந்த பிறகு செய்வதில் பாதிப் பலன்தான்.

புதைந்துவிட்டால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். முதலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். இறங்கி, வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உட்கார்ந்திருந்தால் எந்தப் பட்டனும் உதவாது. அடியில் உள்ள மணலைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும். டயர்களுக்கு முன்னும் பின்னும் சரிவாக மணலை வாருங்கள். ஸ்டியரிங்கை நேராக வையுங்கள், திரும்பியிருக்கும் முன்சக்கரம் கலப்பை மாதிரி மண்ணைத் தள்ளும். டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்குங்கள். டயர் தரையில் படும் நீளம் கூடும், புதைவது குறையும். இவ்வளவும் செய்தபின் டிராக்‌ஷன் கன்ட்ரோலை ஆஃப் செய்துவிட்டு, மேனுவல் கியர் வண்டியானால் இரண்டாம் கியரில் மெதுவாக நகர்த்துங்கள். வந்த தடத்திலேயே ரிவர்ஸில் போவது பெரும்பாலும் எளிது, அந்த மணல் ஏற்கெனவே இறுகியிருக்கும்.

நகரவில்லையென்றால் முன்னும் பின்னுமாக ஆட்டி எடுக்கலாம். வண்டி முன்னே போய் நிற்கும் புள்ளியில் விட்டுவிட்டு, பின்னே உருளும்போது ரிவர்ஸில் கொஞ்சம் தூண்ட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் சக்கரம் முழுசாக நின்ற பிறகுதான் டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்ற வேண்டும். சுழலும்போதே மாற்றினால் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தேயும். இரட்டைக் கிளட்ச் வண்டிகள் இந்த வேலையில் சீக்கிரம் சூடாகும். நாலைந்து முறைக்கு மேல் தொடராமல் ஆறவிடுங்கள். சக்கரம் சுழன்றும் வண்டி இரண்டு மூன்று நொடியில் நகரவில்லையென்றால் காலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் மிதிப்பது குழி தோண்டுவதுதான்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. சாதாரண டிஃபரென்ஷியல் (இன்ஜின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) உள்ள காரில் ஒரு சக்கரம் அசையாமல் நின்றால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். கியர்பாக்ஸிலிருந்து வேகத்தை அளக்கும் காரில் மீட்டர் 50 காட்டும்போது அந்த டயர் 100 கி.மீ. வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே இடத்தில் அப்படிச் சுற்றும் டயர் சூடேறி வெடித்ததுண்டு. தள்ளுகிறவர்களைச் சுழலும் சக்கரத்துக்கு நேராக நிற்க விடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல ஆஃப் செய்துதான் பார்த்தேன். ஆனால் பள்ளத்தில் தூக்கிக்கொண்ட ஒரு சக்கரம் மட்டும் அந்தரத்தில் சுழல்கிறது, எதிர்ப்பக்கச் சக்கரம் அசையவே இல்லை. ஏன்?

பதில்: உங்களுக்கு வேண்டியது நேர் எதிரான வைத்தியம்: மறுபடி ஆன் செய்யுங்கள்.

சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற விசை தேவையே இல்லை. ஆகவே தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் போகும். டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆனில் இருந்தால், சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்தப் பிரேக்கை எதிர்த்துத் தள்ளுவதற்கு எவ்வளவு விசை தேவையோ, அதே அளவு மறுபக்கச் சக்கரத்துக்கும் கிடைக்கும். வண்டி நகரும்.

இங்கே பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கும்போது கடகடவென்று ஒரு சத்தமும் பெடலில் அதிர்வும் வரும். ஏதோ உடைகிறது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரை ஏற்றி இறக்காமல், பாதி மிதியில் சில நொடிகள் அப்படியே வைத்திருங்கள். சிஸ்டம் பிடித்து முடிக்க அவகாசம் வேண்டும். பிரேக் மிகவும் சூடானால் சிஸ்டமே தற்காலிகமாக ஒதுங்கிக்கொண்டு விளக்கைக் காட்டும். அப்போது ஆறவிட்டுத் தொடருங்கள்.

டிஃபரென்ஷியல் லாக் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டு) உள்ள நாலு சக்கர இழுவை வண்டியானால் லாக்கைப் போடுங்கள். பல வண்டிகளில் லோ ரேஞ்சுக்கு (மெதுவாகப் போய் அதிக இழுவை தரும் கியர் நிலைக்கு) மாற்றினாலோ லாக் போட்டாலோ டிராக்‌ஷன் கன்ட்ரோல் தானே ஒதுங்கிக்கொள்ளும், அல்லது அதன் நடவடிக்கை மாறும்.

ஆகவே பட்டனை அமுக்கும் முன் சக்கரங்களைப் பாருங்கள். இழுக்கும் சக்கரங்கள் இரண்டுமே ஒரே மாதிரி வழுக்கினால் ஆஃப். ஒன்று மட்டும் பிடியில்லாமல் சுழன்றால் ஆன்.

கேள்வி: பட்டனை ஒருமுறை அமுக்கினால் ஒரு விளக்கு எரிகிறது. அமுக்கியபடியே பிடித்தால் வேறு விளக்கும் சேர்ந்து எரிகிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: பல கார்களில் சட்டென்று அமுக்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும் போகும். வண்டி நிற்கும்போது மூன்று முதல் ஐந்து நொடி வரை பிடித்தால் இ.எஸ்.சி. என்ற நிலைப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து போகும். இந்த இரண்டாவதுதான், வளைவில் வண்டி திசை மாறி வழுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு நேராக்குவது. 1995-ல் மெர்சிடிஸ் காரில் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக வந்தது. உயிர் காக்கும் அதன் மதிப்பு அறிந்துதான் அமெரிக்கா 2012 மாடல் கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கின.

மணலிலிருந்து வெளியே வர முதல் அமுக்கலே பெரும்பாலும் போதும். அதிலும் விசை வெட்டுப்பட்டால் மட்டும், நடை வேகத்தில் இருக்கும்வரை நீள அமுக்கலைப் பயன்படுத்துங்கள். ஏ.பி.எஸ். இந்தப் பட்டனால் போகாது. இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் எல்லாம் ஆனுக்குத் திரும்பிவிடும். மணலில் இன்ஜின் நின்றுபோனால் பட்டனை மறுபடியும் அமுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: மழையில் மலைப்பாதை ஏறும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் இழுவையைக் குறைக்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் அதை ஆஃப் செய்துதான் ஓட்டுவார்கள் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தவறு, அபாயமானதும்கூட. எவ்வளவு தேர்ந்த டிரைவராக இருந்தாலும் அவரிடம் இருப்பது ஒரே பிரேக் பெடல்தான்; ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்க முடியாது. ஈரமான வளைவில் முன்சக்கரம் சுழன்றால் ஸ்டியரிங் கேட்காது, வண்டி வளைவுக்கு வெளியே போகும். பின்சக்கரம் சுழன்றால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். ஏற்றத்தில் விசை குறைகிறது என்றால், அந்த அளவுக்கு ரோட்டில் பிடிமானம் இல்லை என்று வண்டி சொல்கிறது. ஒரு கியர் கூட்டி மிதியைக் குறையுங்கள். ஒவ்வொரு ஈர ரோட்டிலும் அந்த விளக்கு மின்னினால் டயரைப் பாருங்கள்: அதன் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் சட்டப்படியான கடைசி எல்லை. 3 மி.மீ.க்குக் கீழே வந்தாலே மழையில் பிடி நன்றாகக் குறைந்துவிடும்.

கேள்வி: ஆஃப் செய்தால் மைலேஜ் கூடுமா?

பதில்: கூடாது. சக்கரம் வழுக்காதபோது அது எதுவும் செய்வதில்லை.

கேள்வி: விளக்கு சில நேரம் மின்னுகிறது, சில நேரம் அணையாமல் எரிகிறது. எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

பதில்: மின்னினால் சிஸ்டம் அந்த நொடியில் வேலை செய்கிறது என்று பொருள். பட்டனை அமுக்காமலேயே தொடர்ந்து எரிந்தால் சிஸ்டம் தன்னை நிறுத்திக்கொண்டது.

ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால் முதல் சந்தேகம் சக்கர வேக சென்சார்தான். அதன் முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கும், அல்லது சென்சார் வேகத்தைப் படிக்கும் பல்வளையம் துருவேறி விரிசல் விட்டிருக்கும், அல்லது சஸ்பென்ஷனோடு சேர்ந்து ஆடும் இடத்தில் ஒயர் அறுந்திருக்கும். வீல் பேரிங் மாற்றிய பிறகு விளக்கு வந்தால் காந்த வளையமுள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்று கேளுங்கள். வெளியில் தெரியாத தவறு அது, ஸ்கேனரில் அந்தச் சக்கரம் மட்டும் பூஜ்யம் காட்டும்.

வீல் அலைன்மென்ட் செய்த பிறகு வந்தால் ஸ்டியரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்யத்துக்கு அமைக்க வேண்டும். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு வந்தால், பல கார்களில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிவிட்டுக் கொஞ்ச தூரம் நேராக ஓட்டினால் அணைந்துவிடும். இன்ஜின் செக் விளக்கும் கூடவே எரிந்தால் முதலில் இன்ஜின் கோளாறைப் பாருங்கள். இன்ஜின் விசையை நம்பிக் குறைக்க முடியாத நிலையில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விலகிவிடுவது வழக்கம்.

நான்கு டயரும் ஒரே அளவா என்பதையும் சரிபாருங்கள். சின்ன விட்டமுள்ள ஸ்டெப்னியை இழுக்கும் சக்கரத்தில் மாட்டினால், அது எப்போதும் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றிச் சிஸ்டத்தைக் குழப்பலாம். இழுக்காத சக்கரத்தில் மாட்டுவது நல்லது. அதன் மேல் எழுதியுள்ள வேக எல்லையைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 80 கி.மீ. இருக்கும்.

கேள்வி: பனிச் சங்கிலி மாட்டினால்?

பதில்: கார் கையேட்டில் சொல்லியிருந்தால் ஆஃப் செய்யுங்கள். சங்கிலி பனியைக் கடித்துப் பிடிக்கக் கொஞ்சம் சுழற்சி தேவை என்பதால் சில தயாரிப்பாளர்கள் அப்படிச் சொல்கிறார்கள். சங்கிலியோடு 50 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: பைக்கில் சரளைப் பாதைக்கு இறங்கும்போது ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். அவசியமா?

பதில்: சரளை ஏற்றத்தில் அவசியம் வரும். பின்சக்கரம் லேசாகச் சுழன்றதும் விசை வெட்டுப்பட்டால், ஏற்றத்தின் நடுவே பைக் நின்று கவிழும். ஆஃப்-ரோடு மோடு இருந்தால் முதலில் அதைப் போடுங்கள், அது கொஞ்சம் சுழற்சியை அனுமதிக்கும். அதுவும் போதாவிட்டால் மட்டும் முழுசாக ஆஃப். பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸைத் தனியாக ஆஃப் செய்யும் வசதி இருந்தால், மண் இறக்கத்தில் பயன்படும். முன்சக்கர ஏ.பி.எஸ்.ஸை விட்டுவைக்கவும், முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவதைத் தடுப்பது கடினம். தார் ரோட்டில் ஏறியதும் இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

செயினுக்கு எண்ணெய் விட, ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஓட்டிப் பின்சக்கரத்தைச் சுற்றவிடாதீர்கள். விரல் நசுங்கும் அபாயம் ஒருபுறம்; முன்சக்கரம் நின்றிருக்கப் பின்சக்கரம் சுற்றுவதால் டிராக்‌ஷன் விளக்கும் எரியத் தொடங்கலாம். அப்படி எரிந்தால் பைக்கை ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்து கொஞ்ச தூரம் ஓட்டினால் போய்விடும்.

கேள்வி: எலெக்ட்ரிக் காருக்கும் இதே விதிதானா?

பதில்: மணலுக்கும் சேற்றுக்கும் இதே விதிதான். ஆனால் மோட்டாரின் முழு முறுக்குவிசையும் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்பதால், ஆஃப் செய்த பிறகு பெடலை மிக மெல்லத் தொட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் காரைவிட வேகமாகக் குழி தோண்டிவிடும். வழுக்கும் இறக்கத்தில் கவனம் வேண்டியது வேறு இடத்தில்: பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் பேட்டரியைச் சார்ஜ் செய்தபடி சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பின்சக்கர இழுவைக் காரில் அந்தப் பிடியே பின்பக்கத்தை வழுக்கவைக்கலாம். இறக்கம் தொடங்கும் முன் அந்தச் சார்ஜ் பிடியைக் குறைந்த அளவில் வையுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆனிலேயே இருக்கட்டும்.