இரண்டு கட்டுரையும் சரி என்று படுகிறதே, எதை நம்புவது?

கேள்வி: எங்கள் கொட்டகையில் வலை சரிசெய்யும் பெரியவர்களுக்குத் தினமும் நான்தான் பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன். போன வாரம் கச்சத்தீவு பற்றி இரண்டு பேப்பர்களில் இரண்டு நடுப்பக்கக் கட்டுரைகள் வந்தன. 'தீவை மீட்டால் மீனவர் கைது நின்றுவிடும்' என்கிறார் ஒருவர். 'இழுவைமடியை (விசைப்படகில் கட்டிக் கடலடியை வாரி இழுக்கும் வலை) நிறுத்தினாலே பிரச்சினை தீர்ந்துவிடும்' என்கிறார் மற்றவர். வாசிக்கும்போது இரண்டும் சரி என்றே படுகிறது. 'எது தம்பி நிசம்?' என்று பெரியவர்கள் கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

- தங்கச்சிமடம் வாசகர்

பதில்: இரண்டும் சரி என்று படுவதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை தம்பி. படிக்கும்போது அப்படிப் படவேண்டும் என்றுதான் அவை எழுதப்படுகின்றன. அப்படிப்பட்ட கட்டுரைகளைச் செப்பனிடும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: யார் சரி என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவர் எந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்.

கச்சத்தீவு என்று ஆரம்பித்தாலே அதற்குள் மூன்று கேள்விகள் கிடக்கின்றன. 285 ஏக்கர் தீவு யாருக்குச் சொந்தம்? பாக் நீரிணையில் யார் எதுவரை போய் மீன்பிடிக்கலாம்? எல்லை தாண்டிப் பிடிபட்டவரை எப்படி நடத்த வேண்டும்? முதல் கட்டுரையாளர் முதல் கேள்விக்குச் சான்று காட்டிவிட்டு, இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுதுகிறார். இரண்டாமவர் இரண்டாவதில் ஆரம்பித்து மூன்றாவதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகிறார். இப்படித் தாண்டும் இடத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் கட்டுரைக்கு வாருங்கள். கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்டு இரு நாடுகளும் போட்ட 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது, ஆறாவது பிரிவுகளை அவர் எடுத்துக்காட்டியிருப்பார். அது சரியான தகவல்தான். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே, விசா எதுவும் இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்கிறது ஐந்து. இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகள் தொடரும் என்கிறது ஆறு. அவர் இதோடு நின்றுவிடுகிறார். 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று சொல்வதை விட்டுவிடுகிறார். ஐந்தாம் பிரிவு தருவது வலை உலர்த்தவும் இளைப்பாறவும் தீவில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவுக்குப் போகவும்தான், மீன்பிடிக்க அல்ல என்று டில்லி பலமுறை சொல்லியிருக்கிறது. அதையும் சொல்லவில்லை. இரண்டாமவரோ 1976-ஐ மட்டும் காட்டுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் முதலாவதே 'குன்றக் கூறல்'தான், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன அந்தப் பட்டியலை நடுப்பக்கம் வாசிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

சரி, தகவல் எல்லாம் முழுசாகவே இருக்கிறது என்று வையுங்கள். அப்போதும் 'ஆகவே' என்ற சொல் வரும் இடத்தில் வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தீவு நமது, ஆகவே மீட்டால் கைது நிற்கும். இந்த 'ஆகவே'க்கு முன்னால் ஒரு படி எழுதப்படாமல் கிடக்கிறது: கைதுகள் தீவை ஒட்டிய கடலில்தான் நடக்கின்றன என்பது. அது உண்மையா? இதைச் சோதிக்க நூலகம் போகவேண்டியதில்லை. அதே பேப்பரின் செய்திப் பக்கத்தைப் புரட்டுங்கள். 'நெடுந்தீவு அருகே', 'தலைமன்னார் அருகே' என்று எத்தனை செய்தி! 1974-இல் போட்ட கடல் எல்லைக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைலில் போகிறது. நெடுந்தீவு அந்தப் பக்கம், கச்சத்தீவையும் தாண்டி யாழ்ப்பாணத் திசையில் இருக்கிறது. தீவு நாளைக்கே கைக்கு வந்து கோடு கொஞ்சம் நகர்ந்தாலும், நெடுந்தீவுக் கரை வரை மடி இழுக்கும் உரிமை கூடவே வராது. இதனால் மீட்க வேண்டும் என்ற கோரிக்கை தப்பாகிவிடாது, அதற்குத் தனி நியாயங்கள் இருக்கலாம். ஆனால் கைது நிற்கும் என்பதற்கு அவர் காட்டிய சான்று பற்றாது. உங்கள் கொட்டகைப் பெரியவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். படகு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போகிறது என்று அவர்களையே கேளுங்கள், கட்டுரையாளர் விட்ட படியை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாமவர் பக்கமும் இதே பென்சில்தான். இழுவைமடி கடலடியைச் சுரண்டுகிறது, குஞ்சு குறுமான் எல்லாம் சேர்த்து அள்ளுகிறது. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய இலங்கை வடமாகாண மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். 2017-இல் இலங்கை அந்த முறையையே தடைசெய்தது. இதுவரை அவர் சொல்வது நிற்கிறது. 'நிறுத்தினாலே போதும்' என்பதில்தான் சறுக்கல். நிறுத்தியபின் அந்தப் படகுகள் எங்கே போகும்? அதே 2017-இல் ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறும் திட்டம் வந்ததே, ஒரு படகின் விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் கடன், மீதி 10 மீனவர் கைக்காசு என்று. போன மறுநாளே கரை திரும்பிப் பழகிய ஆட்களுக்கு வாரக்கணக்கில் நடுக்கடலில் கிடக்கும் தொழில் எப்படி ஒத்துவரும், அந்தக் கடனை யார் அடைப்பார் என்று கட்டுரை ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா, பாருங்கள். இன்னொரு சறுக்கலும் உண்டு. இழுவைமடிதான் காரணம் என்று காட்டுவது, பிடிபட்டவரை அடித்ததற்கும் படகை நாட்டுடைமை ஆக்கியதற்கும் நியாயம் ஆகிவிடாது. காரணத்தை நியாயமாக மாற்றும் வேலையைப் பெரும்பாலும் 'எல்லை தாண்டியவர்தானே' என்பது போன்ற ஒரு 'தானே' செய்துவிடும்.

அப்புறம் 'நம் மீனவர்கள்' என்ற சொல். இரண்டு கட்டுரையிலும் அது இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்துக்கொண்ட கடல் இது. நாட்டுப்படகுக்காரருக்கு இழுவைமடி மேல் உள்ள கோபம் யாழ்ப்பாணத்துக்காரர் கோபத்துக்குக் குறைந்ததில்லை. படகுச் சொந்தக்காரரின் நஷ்டமும், பங்குக்குப் போய்ச் சிறையில் உட்காரும் ஆளின் நஷ்டமும் ஒன்றா? மூவரையும் ஒரே சொல்லில் மூடினால் எழுதுவது சுலபம்.

சின்னச் சொற்களையும் விடாதீர்கள். 'எல்லை தாண்டிய மீனவர்கள்' என்பதற்கும் 'எல்லை தாண்டியதாகக் கூறிக் கைதானவர்கள்' என்பதற்கும் உள்ள தூரம் ஒரு கடல் மைலுக்கு மேல். 'என்று கூறப்படுகிறது' வந்தால், யாரால் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். கட்டுரையின் கீழே எழுதியவர் இன்ன கட்சி, இன்ன பதவி என்றிருந்தால் அதையும் கவனியுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துக் கட்டுரையைத் தள்ளிவிடாதீர்கள், வேண்டாதவர் வாயிலும் சரியான கணக்கு வரும்.

எழுதியவர்மேல் எல்லாப் பழியையும் போடவும் முடியாது. ஒருமுறை இடம் போதவில்லை என்று ஒரு கட்டுரையில் ஒரு பத்தியை நானே வெட்டினேன். எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு என்று அவர் ஒப்புக்கொண்ட பத்தி அது. மறுநாள் வந்த வசவுக் கடிதங்கள் எல்லாம் அவர் பேருக்குத்தான் வந்தன.

நாளைக்குப் பேப்பர் வாசிக்கும்போது ஒன்று செய்யுங்கள். 'ஆகவே', 'எனவே' வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, 'இது ஒத்துவருதா?' என்று பெரியவர்களைக் கேளுங்கள். 1974 ஒப்பந்தமும் 1976 கடிதங்களும் பொதுவில் படிக்கக் கிடைப்பவைதான். நான்கே வரியில் தமிழில் எழுதிக் கொட்டகைத் தூணில் ஒட்டிவையுங்கள். ஆறாவது பிரிவை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடாதீர்கள்.