வாசகர் கேள்வி – பதில்: மேடைக்கென வாழ்ந்த பெகி அஷ்க்ரொப்ட்

கேள்வி: ‘எ பசேஜ் ரு இந்தியா’ திரைப்படத்தில் மிசிஸ் மூராக வரும் முதிய நடிகை இளமையில் படங்களில் நடிக்கவில்லையா?
(வாசகி, சுண்டுக்குளி)

பதில்: நடித்தார், ஆனால் குறைவாகவே. 1907இல் இலண்டனை அடுத்த குறொய்டனில் பிறந்த பெகி அஷ்க்ரொப்ட், 1930இல் போல் றொப்சன் ஒதெல்லோவாக நடித்தபோது டெஸ்டிமோனாவாகவும், 1935இல் ஜோன் கில்குட்டும் லோறன்ஸ் ஒலிவியேயும் மாறிமாறி ரோமியோவாகத் தோன்றிய நாடகத்தில் ஜூலியற்றாகவும் நடித்துப் பெயர் பெற்றவர். அதே 1935இல் ஹிட்ச்கொக்கின் ‘த தேட்டி நைன் ஸ்ரெப்ஸ்’ படத்தில் ஸ்கொட்லாந்துக் குடியானவன் ஒருவனின் மனைவியாகச் சில நிமிடங்களே வருகிறார். தப்பியோடும் நாயகனுக்கு அவர் கணவனின் மேலங்கியைக் கொடுத்தனுப்ப, அதன் பையிலிருந்த பாடற் புத்தகமே பின்னர் துப்பாக்கிக் குண்டைத் தடுத்துவிடுகிறது.

எனினும், அவருடைய ஆற்றலின் உச்சம் 1963இல் ஸ்ராற்போர்ட்டில் றோயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவினர் மேடையேற்றிய வரலாற்று நாடகத் தொடரில் அவர் ஏற்ற மார்கரெட் அரசி வேடமே என்பது எமது கணிப்பு. 55 வயதில் இளம் மணப்பெண்ணாக நுழைந்து, போர்க்களத்தில் படை நடத்தி, மகனையும் முடியையும் இழந்து, இறுதி நாடகத்தில் பகைவரைச் சபிக்கும் கிழவியாக நிற்கும் அப்பாத்திரத்தின் ஒவ்வொரு பருவத்தையும் அவர் ஒருவரே தாங்கினார். நம்மூர்க் கூத்தில் இத்தகைய வேடத்தை இருவருக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்!

நீங்கள் குறிப்பிட்ட படத்தை இயக்கிய டேவிட் லீன், முன்னர் நம் நாட்டின் கித்துல்கலையில் ‘குவாய்’ பாலப் படத்தை எடுத்தவர். மிசிஸ் மூர் வேடத்துக்காக 1985இல், தமது 77ஆவது வயதில், அஷ்க்ரொப்ட் துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார். விழாவுக்கு அவர் செல்லாததால் அஞ்செலா லான்ஸ்பரி அவர் சார்பில் விருதை ஏற்றுக்கொண்டார்.